யன்னலுக்கு ஒரு பெனியன்

வணக்கம் நேயர்களே. லண்டனில் முப்பது வருசமாகத் தச்சுவேலை செய்கிறவன் நான். மைக்குக்கு முன்னால் இருந்து கதைப்பது இதுதான் முதல் தடவை. பிழை வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. இண்டைக்குக் கதைக்கப்போவது, குளிர்காலத்தில் வியர்க்கிற யன்னலைப் பற்றி.

ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் எங்கட சனம் குடியிருக்கிற வீடுகள் கனக்க, நூறு வருசத்துக்கு மேல் பழையவை. மேலும் கீழும் இழுக்கிற சாஷ் யன்னல், ஒற்றைக் கண்ணாடி. தை மாதக் காலையில் திரைச்சீலையை விலக்கினால் கண்ணாடி முழுக்க ஈரம். வழிந்த தண்ணீர் கீழ்க்கட்டையில் தேங்கி நிற்கும். அதுக்கு ஒரு பழைய துவாயை மடித்து வைத்திருப்பீர்கள். மாசி வர அந்தக் கட்டையில் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடிச்சிருக்கும்.

அறை 20 பாகை, ஈரப்பதன் 60 வீதம் என்று வையுங்கோ. அந்தக் காற்று 12 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதில் பட்டாலும் தண்ணீராகிவிடும். வெளியில் 0 பாகை நிற்கிற இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் 5 பாகை அளவுக்கு இறங்கிவிடும். பிறகு வியர்க்காமல் என்ன செய்யும்?

இதுக்கு நான் சொல்லுகிற வைத்தியம், யன்னலுக்கு உள்ளுக்கு ஒரு பெனியன். கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்ரிக்கான அக்ரிலிக்கில் 3 மில்லிமீற்றர் தகடு, அதன் விளிம்பில் காந்தப் பட்டி, யன்னல் சட்டத்தில் மெல்லிய இரும்புப் பட்டி. தகடு தானாய்ப் போய் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வந்துவிடும். ஒரு சதுர மீற்றர் மூன்றரைக் கிலோதான் பாரம். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் 2008இல் ஸ்கொட்லாந்தின் பழைய யன்னல்களை அளந்து பார்த்தது. வெப்ப இழப்பைப் பாரமான திரைச்சீலை 14 வீதம் குறைத்தது, யன்னலை மூடுகிற மரக்கதவு 51 வீதம், உள்ளே போட்ட இரண்டாவது கண்ணாடி 63 வீதம்.

வெட்டும்போது கவனம். அக்ரிலிக் சூட்டில் கண்ணாடியை விடக் கனக்க விரியும். நான் முதல்முதல் போட்ட தகட்டைச் சட்டத்துக்குள் இறுக்கமாய் வெட்டிவிட்டேன். வெயில் எறித்த ஒரு மத்தியானம் அது வில்லாய் வளைந்து, 'டப்' என்று சோபாவில் விழுந்தது. வீட்டுக்கார அம்மா இண்டைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பா. சுற்றிவர ஓரிரண்டு மில்லிமீற்றர் விடுங்கோ.

ஆட்கள் பெரும்பாலும் பிழை விடுகிற இடம் வேறு. உள்தகடு காற்றுப் புகாமல் இருக்கவேணும், வெளி யன்னலை மட்டும் கொஞ்சம் மூச்சுவிட விடவேணும். வெளியை சிலிக்கன் போட்டு இறுக்கி, உள்ளே ஒரு மூலையில் நீக்கல் விட்டால், அறையின் ஈரக்காற்று நடுவில் போய்ச் சிக்கி வெளிக்கண்ணாடியில் வியர்க்கும். துடைக்கவும் கை எட்டாது. தகட்டை மாட்டுவதும் குளிரான, காய்ந்த நாளில் என்றால் நல்லம். மாட்டுமுன் யன்னலை ஒருக்கால் திறந்து வையுங்கோ, இடையில் அடைபடுகிற காற்று காய்ந்ததாய் இருக்கும்.

இன்னொன்று. கண்ணாடி காய்ந்துவிட்டதென்று ஈரம் வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. அடுத்த குளிர்ந்த இடத்தைத் தேடும். அனேகமாக அலுமாரிக்குப் பின்னால் இருக்கிற வெளிச்சுவர். புட்டு அவிக்கிற ஆவியும், ரேடியேட்டரில் காய்கிற உடுப்பும்தான் அந்த ஈரம். குசினி ஃபேனைப் போடுங்கோ, அலுமாரியை ஒரு சாண் தள்ளி வையுங்கோ.

படுக்கையறையில், நெருப்புப் பிடித்தால் வெளியே குதிக்கக்கூடிய யன்னலுக்கு, பிள்ளையும் இழுத்துக் கழற்றக்கூடியமாதிரி ஒரு கைபிடி கட்டாயம். அங்கே ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். வாடகை வீடென்றால் சொந்தக்காரரிடம் ஒரு சொல் கேளுங்கோ. இரும்புப் பட்டியைக் கழற்றும்போது பழைய பெயின்ற் சேர்ந்து உரியும்.

சித்திரையில் கழற்றினால் சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அமோனியா கலந்த கண்ணாடி ஸ்பிரே அடித்தால் தகட்டில் மயிர்க்கோடு விழும். எந்த யன்னலுக்கு எது என்று விளிம்பில் எழுதி, பெட்ஷீற் சுற்றி, கட்டிலுக்குக் கீழே படுக்கையாய் வையுங்கோ. சுவரில் சாய்த்து வைத்தால் ஐப்பசியில் வளைந்த தகடுதான் கையில் வரும்.