டாக்டர் பட்டம் வாங்கியாச்சு, அப்புறம் என்ன? போஸ்ட்டாக் வேலை பற்றி

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட், காலை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி திரும்புகிறது. தூரத்தில் ஆலையின் புகைபோக்கி.]

குரல்: வணக்கம். தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தப் புகைபோக்கி புதிதில்லை. அதன் கீழே நடப்பது அத்தனையும் இயற்பியல். எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரிக்கிறார்கள். நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அதே நீராவிதான் அப்புறம் குலைகளை வேகவைக்கப் போகிறது. கழிவுநீர்க் குட்டையில் கிளம்பும் மீத்தேனைப் பிடித்துவிட்டால் அதிலும் மின்சாரம் எடுக்கலாம். இப்படிப்பட்ட இயற்பியலில் டாக்டர் பட்டம், அதாவது பிஎச்டி, வாங்கியவர்களுக்கான போஸ்ட்டாக் வேலை பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

[காட்சி: மாரியம்மன் கோவில் திருவிழா, அன்னதான வரிசை.]

இந்த வரிசையில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும். "டாக்டர் படிச்சு முடிச்சிட்டியே, இன்னும் என்னம்மா படிக்கிற?" பதில் இதுதான்: போஸ்ட்டாக் என்பது படிப்பு இல்லை, வேலை. பரீட்சை கிடையாது, பட்டமும் கிடையாது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வருட ஒப்பந்தம், சம்பளத்தோடு. ஒரு பேராசிரியருக்கு ஆய்வுக்குப் பணம் கிடைத்திருக்கும். வேலையை முடிக்க, பழகிய கை ஒன்று அவருக்குத் தேவை.

[காட்சி: ஆய்வகத்தில் கண்ணாடித் துண்டு அளவில் ஒரு சூரியத் தகடு.]

பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகைப் பொருளில் செய்யும் சூரியத் தகட்டையே எடுத்துக்கொள்வோம். 2009-இல் ஜப்பானில் முதலில் செய்தபோது விழும் ஒளியில் 3.8 விழுக்காடுதான் மின்சாரமானது. இன்று ஆய்வகத்தில் அது 25-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஈரம் பட்டால் கெட்டுப்போகும். துவைத்த துணியே காயாத நம் ஊரில் அது எத்தனை நாள் தாங்கும்? இது விளையாட்டுக் கேள்வி இல்லை, ஆராய்ச்சிக் கேள்விதான். அதேபோல, புகைபோக்கி வழியாக வீணாகும் வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக்கும் பொருள்களைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் அடிப்படையை இயற்பியலாளர் சீபெக் 1821-இலேயே கண்டுவிட்டார்; மலிவான, நல்ல பொருள்தான் இன்னும் சிக்கவில்லை.

எங்கே தேடுவது? பக்கத்திலேயே பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்தின் சூரிய ஆற்றல் ஆய்வுக் கழகம், காஜாங்கில் யூனிடென் என்ற ஆற்றல் பல்கலைக்கழகம். வெளிநாடு என்றால் ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பிஎச்டி வாங்கி 8 வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஆய்வை விட்டு விலகியிருந்த காலத்தை அந்த 8 வருடத்தில் சேர்ப்பதில்லை. ஜப்பானின் அறிவியல் ஊக்குவிப்பு அமைப்பான ஜே.எஸ்.பி.எஸ். 6 வருடம் என்கிறது. டியூஷன் எடுத்துக்கொண்டே "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று இருப்பவர்கள் தேதியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

[காட்சி: மடிக்கணினித் திரையில் பாதி எழுதிய மின்னஞ்சல்.]

விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே எழுதுங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி மாற்றி அனுப்பியவன் நான்; ஒருவருக்குப் பெயரை மாற்றவே மறந்துவிட்டேன். பதில் வரவில்லை, வந்திருக்கவும் கூடாது. அவருடைய கட்டுரை ஒன்றைப் படியுங்கள். அதில் எந்த வரைபடம் உங்களை உறுத்தியது, எந்தக் கருவியை நீங்களே தனியாக ஓட்டுவீர்கள், இவ்வளவு போதும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

சரி, வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போடுமுன் கூச்சப்படாமல் கேளுங்கள்: ஆய்வுப் பணம் இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது? அதைக் கேட்டபிறகு பெட்டியைக் கட்டலாம்.