14-ஆம் மாடியும் வாடைக்காற்றும்

(பெரம்பூரில் வீடு, மனைத் தரகர்கள் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் வியாபாரிகள் சங்கப் பெரியவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த ஐயா அவர்களே, வேலை நாளில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வங்கி மேலாளர் அம்மா அவர்களே, சால்வைக்குப் பதிலாகத் துண்டு போர்த்தி என் வியர்வையைக் காப்பாற்றிய செயலாளர் தம்பியே, எல்லோருக்கும் வணக்கம். இரண்டு பேரை விட்டுவிட்டேன் என்று சீட்டு வருகிறது. அவர்களுக்கும் வணக்கம்.

ஆடம்பர வீடு விற்கும் தரகர் இல்லாமல் முடியாது என்று வாடிக்கையாளர் எப்போது சொல்வார்? இதுதான் தலைப்பு. மூன்று விஷயம் பேசப்போகிறேன். சட்டம், பத்திரம், வாய்.

சட்டம் எல்லோருக்கும் தெரியும். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்யாத தரகர், பதிவு செய்ய வேண்டிய திட்டத்தில் ஒரு வீட்டைக்கூட விற்க முடியாது. மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். இன்னும் பதிவு செய்யாதவர்கள் இங்கே இருந்தால் கை தூக்க வேண்டாம், நாளைக்கே வேலையைப் பாருங்கள். அடுத்தது பத்திரம். சொத்தின் மேல் அடமானம், கடன் ஏதும் உண்டா என்ற வில்லங்கத்தை வாடிக்கையாளரே போனில் போட்டுப் பார்த்துவிடுகிறார். பிறகு நாம் எதற்கு? வாய்க்குத்தான். அதாவது, உண்மையைச் சொல்லும் வாய்க்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று என் பாட்டி சொல்லும். நானும் மறைத்துப் பார்த்தவன்தான்.

வடசென்னையில் கோடி ரூபாய் வீடா என்று சிரித்த காலம் போய்விட்டது. 1921-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்த பின்னி மில் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது. 1856-லேயே ராயபுரத்தில் ரயில் ஏறிய ஊர் இது.

சரி, கதைக்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண், கணவர், கூட அந்தப் பெண்ணின் அம்மா. 14-ஆம் மாடி, நான்கு படுக்கையறை, இத்தாலி மார்பிள். காலை 11 மணிக்குக் கூட்டிப் போனேன். ஏன் 11 மணி? உங்களுக்கே தெரியும், சிரிக்கிறீர்கள். மகள் நீச்சல் குளத்தைப் பார்க்கிறாள், மாப்பிள்ளை லிஃப்டை எண்ணுகிறார். அம்மா மட்டும் பால்கனியில் நின்று வடகிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்டையார்பேட்டையில் வளர்ந்தவராம், எனக்கு யாரும் சொல்லவில்லை.

"இன்னா தம்பி, கொடுங்கையூர் அந்தாண்டதானே?"

"அது ரொம்ப தூரம்மா."

"தூரந்தான். மார்கழி ராத்திரி ஒருவாட்டி வந்து நிக்கிறோம், அப்பால அட்வான்ஸ் பேசலாம்."

மார்கழியில் நிஜமாகவே வந்தார்கள், இரவு 9 மணிக்கு. வாடைக்காற்று கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் வாடையோடு வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். போனது வியாபாரம் மட்டுமா? அந்தக் குடும்பத்தின் உறவுக்காரர்கள் எல்லோரும் போனார்கள்.

அன்றிலிருந்து நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த மாதம் எந்தப் பக்கக் காற்று, 2015-லும் 2023-லும் அந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் படிவரை நின்றது, எல்லாம். விலை கொஞ்சம் இறங்கும். ஆனால் சொன்னவனைத் தேடி அடுத்த வீட்டுக்கும் வருகிறார்கள்.

கேளுங்கள், 300 ஏக்கருக்கு மேற்பட்ட கிடங்கில் கிடக்கும் அந்தக் குப்பை மேட்டை எந்தச் சோற்றில் மறைப்பீர்கள்? அது தீப்பிடித்தால் 14-ஆம் மாடிக்காரர் ஜன்னலை மூடி ஏசி போட்டுக்கொள்வார். ஓட்டு வீட்டுக்காரர் எதை மூடுவார்? நமக்குக் கமிஷன் தரும் மண் அவர்களுடையதும்தான். பழைய குப்பையை முழுதாக அகற்ற வேண்டும், புதிதாகக் கொட்டக் கூடாது, அங்கேயே எரிக்கவும் கூடாது. பத்து வருடமாக இதைத்தான் எந்த மேடை கிடைத்தாலும் பேசுகிறேன், கல்யாண மேடை உட்பட.

மணி அடித்துவிட்டார்கள். மாநகராட்சிக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போங்கள், பிரியாணி சூடாக இருக்கிறது. பேனா என்னுடையது, திரும்ப வேண்டும்.