தடைக்காலமும் கடையின் முதலும்

வணக்கம். காசிமேட்டில் இருக்கும் எங்கள் படகுச் சாமான் கடையிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரியும் கயிற்றுச் சுருள்கள், வலைகள், மிதவைகள், பெயிண்ட் டின்கள் எல்லாம் இந்த மார்ச் மாதத்தில் வந்து இறங்கியவை. ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. துறைமுகம் ஓய்ந்திருக்கும் அந்த இரண்டு மாதங்களில்தான் எங்கள் கடையில் விற்பனை அதிகம், ஏனென்றால் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும், பெயிண்ட் அடிப்பதும், வலை மாற்றுவதும் அப்போதுதான் நடக்கும். ஆனால் வாங்குகிறவரின் கையில் அந்த நேரத்தில் பணம் இருக்காது. ஜூன் 15க்குப் பிறகு படகு கடலுக்குப் போய், மீன் ஏலம் போய், டீசலுக்கும் ஐஸுக்கும் ஆட்களின் பங்குக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதிலிருந்துதான் எங்கள் பாக்கி வந்து சேரும்.

நடைமுறை மூலதனம் என்று புத்தகங்களில் எழுதுவது இதைத்தான்: சரக்குக்கு நாம் பணம் கொடுத்த நாளுக்கும், விற்ற பணம் நம் கைக்குத் திரும்பும் நாளுக்கும் இடையில் கடையைத் தாங்கி நிற்கும் பணம். இதை ரூபாயில் பார்ப்பதற்கு முன்னால் நாட்களில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சராசரியாக, கொள்முதல் விலையில் ஒரு நாளைக்கு 20,000 ரூபாய் சரக்கு வெளியே போகிறது. சரக்கு கடையில் 50 நாள் கிடக்கிறது; விற்ற பிறகு பாக்கி வர 65 நாள் ஆகிறது; பாரிமுனை மொத்த வியாபாரி எங்களுக்குக் கொடுக்கும் தவணை 30 நாள். 50ஐயும் 65ஐயும் கூட்டி 30ஐக் கழித்தால் 85 நாள். ஆக, 17 லட்சம் ரூபாய் எப்போதும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். வசூலில் 10 நாளைக் குறைத்தால், ஒரு பைசா கடன் வாங்காமல் 2 லட்சம் ரூபாய் கைக்குத் திரும்புகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 17 லட்சம் என்பது சராசரி மட்டுமே. மே மாதக் கடைசியில், சரக்கெல்லாம் படகுகளில் ஏறி, பணம் எதுவும் வராத நிலையில், தேவை 26 லட்சம் வரை ஏறிவிடும். அந்த உச்சத்துக்குத் தயாராக இல்லாத கடை, நல்ல லாபத்தில் ஓடும்போதே செக் திரும்பும் நிலைக்கு வந்துவிடும்.

எனக்கு அது நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஜனவரியில் வங்கிக் கணக்கில் 6 லட்சம் ரூபாய் இருந்ததைப் பார்த்து, அதை லாபம் என்று நம்பி, சரக்கு ஏற்றும் வண்டி ஒன்றை முழுப் பணம் கொடுத்து வாங்கினேன். உண்மையில் அது அடுத்த பருவத்துக்குச் சரக்கு எடுக்க வேண்டிய பணம். வண்டிக்கு ஐந்தாண்டுத் தவணையில் கடன் கிடைத்திருக்கும். வலை வாங்க அப்படிக் கிடைக்காது. மே மாதம் மொத்த வியாபாரியின் செக் தேதி நெருங்கியபோது தண்டல் வாங்கினேன். 1 லட்சம் என்று எழுதி, 10,000 பிடித்துக்கொண்டு 90,000 கொடுத்தார்கள். நாள் ஒன்றுக்கு 1,000 வீதம் 100 நாள் கட்டினேன். பத்து சதவீதம்தானே என்று அப்போது தோன்றியது. அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே போவதால், ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது என்பதைப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உணர்ந்தேன். அதுவும் வரவே இல்லாத தடைக்காலத்தில், தினமும் மாலை 1,000 ரூபாய் எடுத்து வைப்பது எவ்வளவு பெரிய வேதனை என்பதை இந்தப் பகுதியில் கடை வைத்திருப்பவர்கள் அறிவார்கள்.

சரக்கையும் பாக்கியையும் காட்டி, ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கியின் கேஷ் கிரெடிட் கணக்கு இதற்காகவே இருக்கிறது. சிறு தொழில்களுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை கடன் வரம்பாகக் கொடுப்பது ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் பரிந்துரையிலிருந்து வந்த நடைமுறை. அதோடு 5 சதவீதம் நம் கைப்பணமாக இருக்க வேண்டும். ஒரு கோடி விற்பனைக்கு வங்கி 20 லட்சம், நாம் 5 லட்சம். எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. ஆனால் மாதந்தோறும் சரக்கு விவரமும் பாக்கிப் பட்டியலும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்கும்போது, பல வங்கிகள் 90 நாளைத் தாண்டிய பாக்கியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்த வரம்பு கையில் இருந்தால் வேறொரு பலனும் உண்டு. 30 நாள் தவணைக்குப் பதிலாக 10 நாளில் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி தருவதாக மொத்த வியாபாரி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்ச ரூபாய் பில்லில் 2,000 மிச்சம். 98,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் 20 நாள் முன்னதாக எடுப்பதற்கு ஆகும் செலவு ஏறத்தாழ 650 ரூபாய்தான்.

ஜிஎஸ்டியை மறந்துவிடாதீர்கள். கடனுக்கு விற்றாலும் பில் போட்டுவிட்டால், வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்தது போக மீதியை அடுத்த மாதமே கட்டியாக வேண்டும். படகுக்காரர் ஜூலையில்தான் தருவார் என்பது அங்கே செல்லாது.

சிறு தொழில்களிடம் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். வியாசர்பாடியில் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் ‘உதயம்’ தளத்தில் பதிவு செய்த உற்பத்தியாளர். அவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (பேங்க் ரேட்) போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வாங்கி விற்கும் என் போன்றவர்கள் 2021 முதல் உதயத்தில் பதியலாம் என்றாலும், நமக்குக் கிடைப்பது வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டுமே. நம் பாக்கியை நாம்தான் காக்க வேண்டும்.

அதனால் இப்போது ஒவ்வொரு படகுக்கும் நோட்டில் தனிப் பக்கமும் தனி வரம்பும் வைத்திருக்கிறேன். பழைய பாக்கியில் பாதியாவது வராமல் புதுச் சரக்கு ஏறாது. இதைச் சொல்வது எளிதல்ல. அப்பா காலத்திலிருந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேற்று ஒரு பெரியவர் வந்து, போன பருவத்துப் பாக்கியில் பாதியை எண்ணி வைத்துவிட்டு வலை கேட்டார். கொடுத்தேன். மீதிக்கு ஜூலை 10 என்று தன் பக்கத்தில் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.