கல்யாணம் ஆனவரா? அப்போ பாதிரியார் இல்லை!

வணக்கம் நண்பர்களே! ரகசிய போலீஸ் கண்ணில் படாத பாதிரியார் வேண்டுமா? கல்யாணமான ஆளாகப் பார்த்துக் குருப்பட்டம், அதாவது பாதிரியார் பட்டம், கொடுங்கள். ரோமன் கத்தோலிக்கப் பாதிரியார் பொதுவாகக் கல்யாணம் செய்யக் கூடாது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஜோக் இல்லை, செக்கோஸ்லோவாக்கியாவில் இப்படித்தான் செய்தார்கள்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 1948-இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். 1949-இல் பாதிரியார்களுக்குச் சம்பளமும் அரசு, அனுமதியும் அரசு என்று சட்டம் வந்தது. 1950 ஏப்ரலில் இரவோடிரவாக மடங்களில் புகுந்து துறவிகளை வண்டியேற்றினார்கள். அவ்வளவுதான் பின்னணி.

எஸ்டிபி என்ற ரகசிய போலீஸ் கடிதத்தைப் பிரித்தது, போனை ஒட்டுக்கேட்டது, பாதிரியார்களிலேயே சிலரை உளவாளிகளாக்கியது. பிடிக்காதவரின் அனுமதியைப் பறித்துக் கூலி வேலைக்கு அனுப்பியது. மிலோஸ்லாவ் வில்க் என்ற பாதிரியார் அப்படித்தான் 1978 முதல் 1986 வரை பிராக் நகரில் ஜன்னல் துடைத்தார். அதே நகரின் பேராயராக 1991-இல் ஆனார், 1994-இல் கர்தினால்! யான் கோரெச் என்ற இன்னொரு பாதிரியார் 1951-இல், 27 வயதில் ரகசியமாக ஆயரானார், அதாவது பிஷப். ஊருக்கு அவர் தொழிற்சாலைத் தொழிலாளி. 1960-இல் மாட்டினார், 12 ஆண்டு தண்டனை.

[திரையில்: பிர்னோ நகரம்]

இப்போது என் ஃபேவரைட் ஆள், பிர்னோ நகரப் பாதிரியார் ஃபெலிக்ஸ் டாவிடெக். 14 ஆண்டு சிறையில் இருந்துவிட்டு 1964-இல் வெளியே வந்தவர். இவரை ஆயராக்கியது யார் தெரியுமா? யான் பிளாஹா என்ற வேதியியலாளர். 1967-இல் மேற்கு ஜெர்மனிக்குப் போனவர், அங்கே ஆக்ஸ்பர்க்கில் ரகசியமாகக் குருப்பட்டம் பெற்றுத் திரும்பினார். அக்டோபரில் பிராக்கில் ரகசியமாக ஆயரானார், உடனே டாவிடெக்குக்கும் ஆயர் பட்டத்தைக் கொடுத்தார். எல்லைச் சோதனையில் பெட்டியைக் குடையலாம், பட்டத்தை எப்படிப் பறிமுதல் செய்வது?

டாவிடெக்கின் கணக்கு எளிது. போலீஸ் தேடுவது தனியாக வாழும் ஆண்களை. மனைவி, குழந்தை, ஆபீஸ் என்று இருப்பவரை யார் சந்தேகிப்பார்கள்? கல்யாணமானவர்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்.

அப்புறம் இன்னும் ஒரு படி மேலே போனார். பெண்கள் சிறையில் கன்னியாஸ்திரிகள் அடைபட்டுக் கிடந்தார்கள், அங்கே ஆண் குரு போக முடியாது. 1970 டிசம்பர் 28 இரவு, லுட்மிலா யாவொரோவா என்ற பெண்ணுக்கே குருப்பட்டம் கொடுத்தார்! கத்தோலிக்கச் சபையில்! 1995 வரை அந்த அம்மா இதை வெளியே சொல்லவில்லை. எனக்கெல்லாம் ஒரு பர்த்டே சர்ப்ரைஸையே காப்பாற்றத் தெரியாது.

1989-இல் ஆட்சி விழுந்தது. சரி, இனி நிம்மதி என்று பார்த்தால் ரோம், அதாவது கத்தோலிக்கத் தலைமை, தலையைச் சொறிந்தது. யாவொரோவாவின் பட்டம் செல்லாது என்றது. கல்யாணமானவர்களிடம், எதற்கும் இன்னொரு முறை பட்டம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. மணமான குருக்களை ஏற்கும் கிரேக்கக் கத்தோலிக்க முறைக்குச் சிலர் மாறினார்கள், சிலர் முடியாது என்றுவிட்டார்கள். நான் முடியாது என்றவர்கள் பக்கம். உயிரைப் பணயம் வைத்து வைத்த பூசைக்கு மறுதேர்வா? நீங்கள் ரோம் பக்கமா? கமெண்டில் வாருங்கள், சண்டை போடலாம்.