செட்டியார் தந்த இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

உ.வே. சாமிநாதையர் என்றதும் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த கால்களைத்தான் நாம் நினைக்கிறோம். அந்தக் கால்கள் ஊன்றி நிற்க இடம் தந்தவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியின் தமிழ்ப் பண்டிதர், வித்துவான் தியாகராச செட்டியார்.

இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள். செட்டியார் ஏறத்தாழ முப்பது வயது மூத்தவர். 1876இல் பிள்ளையவர்கள் மறைந்தபின் திருவாவடுதுறை மடத்தில் அதன் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்த ஐயரிடம் அவர் ஒரு தமையனாரைப் போலவே அக்கறை காட்டினார். 1880இல் ஓய்வு பெற முடிவு செய்தபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரே வரவேண்டும் என்று கல்லூரித் தலைவர் கோபாலராவிடம் வற்புறுத்தியதோடு, ஐயரைப் பிரிய மனமில்லாத தேசிகரையும் இசைய வைத்தார். பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுப்பது எளிது. நானும் பலருக்கு எழுதியிருக்கிறேன். செட்டியார் அதோடு நிற்கவில்லை. மடத்துப் பாடமுறையில் வளர்ந்த, 25 வயதுகூட நிறையாத அந்த இளைஞர் கல்லூரி ஆசிரியர்கள் முன்னிலையில் தம் புலமையைக் காட்ட நேர்ந்தபோது, தாமே அருகிலிருந்து துணிவூட்டினார். வேலையை விட்டுச் செல்பவருக்கு அடுத்து வருபவர் தம்மைவிடச் சிறந்துவிடுவாரோ என்ற உறுத்தல் வருவது இயல்பு. செட்டியாருக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்தில் முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் சந்தித்தார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியாரோ பழங்காப்பியமான சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்விதான் ஐயரைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பியது. மடத்திலேயே இருந்திருந்தால் இந்தச் சந்திப்பு வாய்த்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. 1887இல் ஐயரின் பதிப்பாகச் சிந்தாமணி அச்சேறியது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் செட்டியார் காலமானார். பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் ஐயரின் பதிப்பாக வந்ததை அவர் பார்க்கவில்லை.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலான ஐயர், பின்னர் திருவல்லிக்கேணியில் தமக்கென அமைந்த வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். அந்த வீடு இப்போது இல்லை; சில ஆண்டுகளுக்கு முன் இடித்துவிட்டார்கள். ஆனால் அங்கிருந்து எழுதிய முன்னுரைகளின் அடியில் ஐயர் தம் முகவரியாகப் பதித்த அந்தப் பெயரைப் பழைய பதிப்புகளில் இன்றும் பார்க்கலாம்.