நாற்று முடியைப் பிடிக்கிற பிடி

நேயர்களுக்கு வணக்கம். குறைமாதக் குழந்தைகள் வார்டில் 28 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

சர்க்கரை பார்க்க, மஞ்சள் காமாலை பார்க்க, குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். நமக்கு அது எறும்புக்கடி. 37 வாரம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிற பிள்ளைக்கு? வாய்விட்டு அழக்கூடத் தெம்பிருக்காது. புருவம் நெரியும், கண் இறுகும், விரல்கள் விசிறியாக விரியும், மானிட்டரில் நாடித்துடிப்பு ஏறும். சத்தம் வராததால், “அதுக்கு என்ன தெரியும்” என்று விட்டுவிடுகிறோம். டாக்டர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். இந்தியாவிலிருந்து ஆக்ஸ்போர்டு போன டாக்டர் ஆனந்தும் மற்றவர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் பலர் மனம் மாறியது.

ஒரு புரட்டாசி, சம்பா நடவு நேரம். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாச்சி வந்தார். பேத்தி 1,200 கிராம். மகள் ஆபரேஷன் முடிந்து மேல்மாடியில் இருந்தாள். ரத்தம் எடுக்கும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ள அம்மாச்சியைத்தான் கூப்பிட்டேன். அம்மாச்சியின் நகக்கண்ணில் வயல் சேறு. வளையலைக் கழற்றச் சொல்லி, முழங்கை வரை சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வைத்தேன். பெட்டிக்குள் கைவிட்டதும் பாசத்தில் முதுகைத் தடவினார். பிள்ளை தூக்கிவாரிப் போட்டது.

“தடவாதீங்க அம்மாச்சி, கூசும். ஒரு கை தலையில, ஒரு கை காலை மடக்கி வயித்தோட சேத்து. வச்ச கை அசையக் கூடாது.”

“இறுக்கியா, தளத்தியா?” என்று கேட்டவர், தானே சொன்னார்: “நாத்து முடியப் புடிக்கிற மாதிரின்னு சொல்லேன். இறுக்குனா கசங்கிரும், விட்டா செதறிரும்.” நாற்று முடி என்றால் நடவுக்குக் கொண்டுபோகிற நாற்றுக் கட்டு.

காய்ப்புக் காய்ச்ச அந்தக் கைக்குள் பிள்ளை முகம் சுளித்தது, அவ்வளவுதான். விரல் விரியவில்லை. ரத்தம் எடுத்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. இதை மறுபடி சொல்கிறேன்: ஊசி வெளியே வந்ததும் கையை எடுக்கக் கூடாது, மூச்சு சீராகும் வரை இருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் நாற்று முடிதான்.

குத்துவதற்கு முன் நாக்கில் சில சொட்டுத் தாய்ப்பால் விட்டாலும், சப்ப ஏதாவது கொடுத்தாலும் வலி தணியும். டாக்டர் அளந்து எழுதும் குளுக்கோஸ் சொட்டும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு வீட்டில் சேனை வைக்கக் கிளம்பிவிடாதீர்கள், தாயே! தேனும் வேண்டாம், கழுதைப்பாலும் வேண்டாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். கங்காரு முறை பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்தேன்! 1978இல் கொலம்பியாவில், பெட்டி போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது. பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சில் ஒட்டி வைப்பது, அப்பாவும் வைக்கலாம். நெஞ்சில் இருக்கும்போதே ரத்தம் எடுக்க முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள். இன்னொன்று, 2 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை. அழும் என்று தள்ளிப்போடாதீர்கள், அங்கேயும் அதே பிடிதான். வணக்கம்.