சாமியும் போனார், ராஜாவும் போனார்: ருமேனியப் பள்ளிகளின் பெயர்ப்பலகைகள்

வணக்கம் மக்களே! இன்றைக்கு ருமேனியாவின் உயர்நிலைப் பள்ளிகள், அதிலும் குறிப்பாக அவற்றின் பெயர்கள். ஆட்சி மாறினால் அங்கே பள்ளிக்கூட வாசலுக்கும் பெயிண்ட் டப்பா வந்துவிடும் போல.

தலைநகர் புக்கரெஸ்ட்டில் இருக்கும் புனித சாவா பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வலாக்கியாவை ஆண்ட கான்ஸ்டன்டின் பிரின்கொவியானு 1694-இல் சாவா மடத்தில் தொடங்கிய கல்விக்கூடத்திலிருந்து அது தன் வயதைக் கணக்கிடுகிறது. ஆனால் பாடம் எல்லாம் கிரேக்கத்தில். ஊர் மக்கள் பேசும் ருமேனிய மொழியில் உயர்கல்வியா, அதெல்லாம் நடக்கிற காரியமா என்ற எண்ணம்தான் பெரிய மனிதர்களுக்கு. 1818-இல் மலைக்கு அந்தப் பக்கம், டிரான்சில்வேனியாவிலிருந்து வந்த கியோர்கே லாஸர் என்ற ஆசிரியர் அதே மடத்து அறைகளில் ருமேனிய மொழியிலேயே பாடம் எடுத்தார். கணக்கு, வடிவியல், நிலம் அளப்பது கூட! என்னைக் கேட்டால் அந்த நில அளவை சாமர்த்தியமான தேர்வு; நிலக்கிழார்களுக்கு எல்லைத் தகராறு தீர்க்க ஆள் வேண்டுமே.

பிறகு 1860-இல் தொடங்கிய இன்னொரு பள்ளிக்கு லாஸரின் பெயரையே வைத்தார்கள், அது இன்றும் நகரின் பேர்போன பள்ளிகளில் ஒன்று. மடம் இருந்த இடம் இப்போது பல்கலைக்கழகச் சதுக்கம், அங்கே அவருக்குச் சிலையும் உண்டு.

சரி, இப்போது 1948-க்கு வருவோம். கம்யூனிஸ்ட் அரசு சோவியத் பாணியில் கல்விச் சட்டம் கொண்டுவந்தது, தேவாலயங்கள் நடத்திய பள்ளிகளை அரசே எடுத்துக்கொண்டது, பல பள்ளிகளுக்கு வெறும் எண்தான் மிஞ்சியது. புனித சாவா பெயர் போய், 1848 புரட்சியாளர் நிக்கோலாயே பல்ச்செஸ்கு பெயர் வந்தது. கிரயோவா நகரில் 1826-இல் பிறந்த பள்ளிக்கு அரசர் முதலாம் கரோலின் பெயர் இருந்தது. அங்கேயும் அரசரை இறக்கிவிட்டு யாரை ஏற்றினார்கள் தெரியுமா? அதே பல்ச்செஸ்கு! சாமிக்கும் அவர்தான், ராஜாவுக்கும் அவர்தான் மாற்று. அன்றைய நூறு லேய் (அந்த ஊர்ப் பணம்) நோட்டிலும் அவர் முகம்தான். இதில் வேடிக்கை, பல்ச்செஸ்கு படித்ததே புனித சாவாவில். ஆக, புக்கரெஸ்ட்டில் பழைய மாணவர் பெயர் என்று ஒரு நியாயமாவது சொல்லலாம், கிரயோவாவில் அதுவும் இல்லை.

அடுத்து வந்த கம்யூனிஸ்ட் தலைவர் சௌஷெஸ்கு காலத்தில் எங்கு பார்த்தாலும் தொழில் சார்ந்த உயர்நிலைப் பள்ளிகள், அதாவது ‘இண்டஸ்ட்ரியல் லிசே’. 1989-இல் அவர் ஆட்சி கவிழ்ந்த பிறகு சாவாவும் கரோலும் பலகைக்குத் திரும்பினார்கள், கூடவே பெரிய பள்ளிகளுக்கு ‘தேசியக் கல்லூரி’ என்ற பட்டம். பயப்பட வேண்டாம், உள்ளே படிப்பது பள்ளிப் பிள்ளைகள்தான். அவர்களும் பலகையில் உள்ள முழுப் பெயரையெல்லாம் சொல்வதில்லை, சும்மா ‘லாஸர்’, ‘சாவா’ என்பதோடு சரி.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது மேற்கே இருக்கும் திமிஷோவாரா நகரின் நிக்கோலாஸ் லெனாவ் பள்ளி. ருமேனியாவுக்குள் ஜெர்மன் மொழியில் நடக்கும் பள்ளி, அந்தப் பகுதியிலேயே பிறந்த ஜெர்மன் மொழிக் கவிஞரின் பெயர். அவர் பிறந்த கிராமத்தையே இன்று லெனாவ்ஹைம் என்றுதான் அழைக்கிறார்கள். 2009-இல் இலக்கிய நோபல் வாங்கிய ஹெர்தா முல்லரும், 2014-இல் வேதியியல் நோபல் வாங்கிய ஸ்டீபன் ஹெல்லும் இங்கே படித்தவர்கள். அடுத்த முறை பலகை மாற்ற யாராவது கிளம்பினால் பெயருக்குப் பஞ்சமில்லை!